வேய்க்காவின் புல்

ஒரு கல் என்பது
பதினாறுக்குப் பதினாறு கட்டம்.
இருநூற்று ஐம்பத்தாறு சதுரங்களை நிரப்பிவிட்டால்
மலை தானே எழும்பிக்கொள்ளும்:
அதே கல், பக்கத்தில் அதே கல், மேலே அதே கல்.
இடது ஓரம் வலது ஓரத்தோடு
தையல் தெரியாமல் சேர வேண்டும்,
அவ்வளவுதான் வித்தை.

ஔலுவில் நவம்பர்.
மூன்று மணிக்கே ஜன்னலில் என் முகம்தான் தெரிகிறது.
வேய்க்கா பனியள்ளும் வண்டியோடு போயிருக்கிறான்.
ரயில் ஓட்டத்தான் ஆசைப்பட்டான்.
புள்ளிகளாலான ஒரு வட்டத்தைக் காட்டி
உள்ளே என்ன எண் என்று கேட்டார்கள்.
"எண்ணா?" என்று கேட்டிருக்கிறான் இவன்.

செப்டம்பரில் காட்டுக்குப் போனால்
லிங்கன்பெர்ரியை விரலால் தேடுவான்,
தட்டை என்றால் இலை, உருண்டை என்றால் பழம்.
என் வாளி நிறையும்போது
அவன் வாளியில் பாதி இலை.

விளையாட்டுக்குள் விரல் செல்லாது.
சுரங்கச் சுவரில் செந்தாதும் பச்சைத்தாதும்
அவனுக்கு ஒன்றுபோலவே நிற்கும்.
மூன்று குளிர்காலமாக
தோண்டிவிட்டுத்தான் தெரிந்துகொள்கிறான்.

அதற்காகத்தான் இந்த டெக்ஸ்சர் பேக்.
செந்தாதுக்கு ஒடிந்த மின்னல்போல் ஒரு கீறல்,
பச்சைத்தாதுக்கு மீன்செதில்.
ஒரே மாலையில் முடிந்தது.
அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

அவன் எதைப் பார்க்கிறான் என்று
எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

"புல் எப்படி இருக்கும்?"
"வறுத்த ரொட்டி மாதிரி."
"தக்காளி?"
"கொஞ்சம் கூடுதலாக வறுத்த ரொட்டி."
"என் சிவப்புக் கோட்டு?"
"அது சிவப்பா?"

ஐந்து வாரம்.
எண்ணூற்றுச் சொச்சம் கோப்புகள்.
புல்லைத் திறந்து பச்சையை வடித்தேன்,
இலையை, தவளையை, கம்பளியை, கட்டிலை.
பன்றியின் இளஞ்சிவப்பில் மட்டும் கை தயங்கியது;
சாம்பலாகிப் போனது, பாவம்.

முடித்த இரவு தனியாக உள்ளே நடந்தேன்.
எல்லாத் திசையிலும் ரொட்டிநிற வெயில்.
எரிகுழம்பு மரங்களுக்குள் புகுந்ததை
நான் கவனிக்கவே இல்லை.
காடு எரிவது காட்டைப் போலவே இருந்தது.
சேர்த்த இரும்பெல்லாம் போயிற்று, நானும்.

பூட்சில் பனியோடு வந்தான்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
உள்ளே போனான்.
குன்றேறினான். கடலைப் பார்த்தான்.
ஒரு பன்றியைச் சுற்றி வந்தான்.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு
பின்னால் நின்றேன்.

"எப்போது தொடங்கப் போகிறாய், சைமா?"

பழைய பேக்கை மாட்டிக் காட்டினேன்.
புதியதை மாட்டினேன்.
பழையது. புதியது. பழையது.
"நீ பொத்தானை அழுத்துகிறாய்,
ஒன்றும் நடக்கவில்லையே" என்றான்
சூப்பை ஊதிக்கொண்டு.

நான் சிரித்த சிரிப்பில்
கீழ்வீட்டுக்காரர் குழாயைத் தட்டினார்.

எனக்கு ஓர் ஊரே நிறம் மாறிப் போயிருந்தது.
அவனுக்கு, வீடு வந்தவனுக்கு வீடு.

பிறகு, கரண்டி வாயருகே இருக்க,
"ஆனால் இந்த மலையில் ஏதோ கோளாறு,
குறுக்கே கோடு ஓடுகிறது" என்றான்.
எங்கே?
"இங்கே. இங்கே. இங்கே."
திரையில் ஈர விரல் தடங்கள், சம இடைவெளியில்.
எனக்குத் தெரியவில்லை.

கல்லைத் திறந்தேன். பெரிதாக்கினேன்.
பதினோராவது வரிசையில் நான்காவது சதுரம்
மயிரிழை வெளிச்சம் அதிகம்.
இரண்டு பேக்கிலும் அப்படியே.
முதல் நாளிலிருந்து
மலை முழுக்க ஒன்று தவறாமல்
திரும்பத் திரும்ப வந்திருக்கிறது.
நிறம் பார்த்தே பழகிய கண்
அதன்மேல் ஆயிரம் முறை நடந்து போயிருக்கிறது.

ஒரு சதுரம். இருட்டாக்கினேன்.
சேமித்தேன்.
கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு
மலையோரமாக நெடுந்தூரம் போய்த் திரும்பினான்.

"இப்போது?"

"இப்போதுதான் கல்."